சிறு கடைகளும் சுற்றுவட்டாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகக் கடையோ பட்டறையோ நடத்துபவர்கள், புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள், பக்கத்துக் கடையை மூடிவிட்டார்களே என்று வருத்தப்படுபவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் வரும் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். சிறு வணிகத்தைப் பற்றிப் பேசும்போது பாராட்டு தாராளமாகவும் கணக்கு குறைவாகவும் இருப்பது வழக்கம். இங்கே கணக்குக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சிறு வணிகம் என்றால் எவ்வளவு சிறியது?

நாட்டுக்கு நாடு அளவுகோல் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வரையறைப்படி 10 பேருக்குக் குறைவாக வேலை செய்தால் குறுநிறுவனம், 50க்குக் குறைவு என்றால் சிறுநிறுவனம், 250க்குக் குறைவு என்றால் நடுத்தர நிறுவனம்; விற்றுமுதலுக்கும் தனி வரம்பு உண்டு. இந்தியாவில் ஆள் எண்ணிக்கையே கணக்கில் வராது. முதலீடும் ஆண்டு விற்றுமுதலும்தான் அளவு. அமெரிக்காவிலோ பல தொழில்களில் 500 பேர் வேலை செய்யும் நிறுவனம்கூடச் சிறியதுதான்! அதனால்தான் அங்கே 99.9 சதவீத நிறுவனங்கள் சிறியவை என்ற புள்ளிவிவரம் வருகிறது. இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் யார் அளந்தது, எந்தக் கோலால் அளந்தது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் இங்கே பேசுவது இதைவிடச் சின்னது: முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து, அவரே கொள்முதலுக்குப் போய், அவரே ஷட்டரை இறக்கும் வகை.

ஒரு பகுதிக்கு இவற்றால் உண்மையில் என்ன பயன்?

உலக வங்கியின் கணக்குப்படி உலகில் உள்ள தொழில் நிறுவனங்களில் சுமார் 90 சதவீதமும், வேலைவாய்ப்பில் பாதிக்கு மேலும் சிறு, நடுத்தர நிறுவனங்களிடம்தான் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2017இல் ஜூன் 27ஆம் தேதியை இவற்றுக்கான நாளாக அறிவித்தது. இதெல்லாம் பெரிய படம்.

தெரு அளவில் பார்த்தால் பயன் வேறு மாதிரி. வண்டி இல்லாதவரும், வயதானவரும், கைக்குழந்தை வைத்திருப்பவரும் நடந்துபோய் வாங்கக்கூடிய தூரத்தில் கடை இருப்பது முதல் பயன். அடுத்தது, விடியற்காலையிலிருந்து இரவு வரை தெருவில் யாராவது கண் வைத்திருப்பது. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். தெருவின் பாதுகாப்பைக் காவல்துறையைவிட அதிகமாகக் காப்பது, அங்கேயே பிழைப்பு நடத்துபவர்களின் பார்வைதான் என்பது அவர் வாதம். கடைக்காரர் யாருக்கும் காவல் காக்கவில்லை, தன் வியாபாரத்தைத்தான் பார்க்கிறார். ஆனாலும் வழக்கமாக வருபவர் நான்கு நாளாக வரவில்லை என்றால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

மூன்றாவது பயனை அதிகம் பேர் சொல்வதில்லை. எங்கும் வேலை பார்த்த அனுபவம் இல்லாதவர் முதல்முதலாக வேலை கற்றுக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கடையோ பட்டறையோதான். சான்றிதழ் கேட்காமல் உள்ளே விடுவார்கள். தப்பு செய்தால் திட்டும் விழும், வேலையும் பழகும்.

உள்ளூரில் செலவழித்தால் பணம் உள்ளூரிலேயே சுற்றும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2002இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்தது. அங்கே உள்ளூர்ப் புத்தகக் கடையிலும் இசைத்தட்டுக் கடையிலும் 100 டாலர் செலவானால் சுமார் 45 டாலர் ஊருக்குள் தங்கியது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய சங்கிலிக் கடையில் அதே 100 டாலர் செலவானால் 13 டாலர்தான் தங்கியது. காரணம் எளிது. சிறிய கடையின் முதலாளி அங்கேயே குடியிருப்பவர், கணக்கு எழுதுபவரும் போர்டு எழுதுபவரும் அங்கேயே உள்ளவர்கள். சங்கிலிக் கடைக்கு அந்த வேலையெல்லாம் தலைமை அலுவலகத்தில் நடக்கிறது, லாபமும் அங்கேதான் போகிறது.

ஆனால் இந்த எண்ணை எல்லா ஊருக்கும் எல்லாக் கடைக்கும் தூக்கிப் பொருத்துவது சரியில்லை. அது ஒரே நகரம், இரண்டு மூன்று கடைகள். தூரத்து ஆலையில் செய்த பொருளைப் பெட்டி பிரித்து விற்கும் கடையில் நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி அந்த ஆலைக்குத்தான் போகும், கடைக்காரர் எவ்வளவு உள்ளூர்க்காரராக இருந்தாலும். முடி திருத்துபவர், தையல்காரர், பழுது பார்ப்பவர் ஆகியோரிடம் கணக்கு தலைகீழ்: அங்கே விற்பது உழைப்பு, அதனால் பணமும் பெரும்பாலும் உள்ளூரிலேயே நிற்கும்.

புதிய வேலைகளை உருவாக்குவது சிறு வணிகங்கள்தானா?

1979இல் டேவிட் பெர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்படித்தான் சொன்னார். அரசியல் மேடைகளில் இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2013இல் ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா ஆகிய மூவர் அமெரிக்க நிறுவனங்களின் தரவை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிறியவை என்பதால் வளரவில்லை, புதியவை என்பதால்தான் வளர்கின்றன என்று தெரிந்தது. வயதைக் கணக்கில் சேர்த்துவிட்டால் அளவுக்கும் வளர்ச்சிக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை. அதிலும் புதிய நிறுவனங்கள் பல சீக்கிரமே மூடிப்போகின்றன. தப்பிப் பிழைப்பவை வேகமாக வளர்கின்றன.

இருபது வருடமாக ஒரே அளவில் இருக்கும் கடையிடம் புது வேலைகளை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. இருக்கிற நான்கு பேரின் வேலையை அது காப்பாற்றுகிறது, அதுவே பெரிய விஷயம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பொதுவாகப் பெரிய நிறுவனங்களில் சம்பளமும் சலுகைகளும் கூடுதல். சின்னக் கடை முதலாளி நல்லவராகவே இருந்தாலும் அவரால் கொடுக்க முடிவது அவ்வளவுதான்.

எத்தனை கடைகள் தாக்குப்பிடிக்கின்றன?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் பல ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது: புதிதாகத் தொடங்குபவற்றில் சுமார் 20 சதவீதம் முதல் ஆண்டிலேயே மூடுகின்றன, ஐந்தாம் ஆண்டு முடிவில் பாதிதான் மிஞ்சுகின்றன. ஆனால் மூடியதெல்லாம் தோற்றது ஆகாது. வயதாகி ஓய்வு பெற்றவர், கடையை நல்ல விலைக்கு விற்றவர், வேறு நல்ல வேலை கிடைத்துப் போனவர் எல்லோரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

வியாபாரம் நன்றாக ஓடுகிறது, லாபமும் வருகிறது. ஆனால் கையில் காசே நிற்கவில்லை. எங்கே தப்பு?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

லாபம் வேறு, கையிருப்பு வேறு. 100க்குச் சரக்கு வாங்கி 120க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் 20 லாபம். ஆனால் மொத்த வியாபாரிக்கு 100ஐ இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். சரக்கு விற்க ஒரு மாதம் ஆகிறது. வாங்கியவர் இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார். ஆக, இன்று போட்ட 100 திரும்பி வர 60 நாள். அந்த 60 நாளும் வாடகை, சம்பளம், மின்கட்டணம், வீட்டுச் செலவு எதுவும் நிற்காது. கடை நடுவில் மூச்சு வாங்குவது இந்த இடைவெளியில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வியாபாரம் பெருகினால் இந்தச் சிக்கலும் பெருகும். இரண்டு மடங்கு ஆர்டர் வந்தால் இரண்டு மடங்கு சரக்கு வாங்க வேண்டும், அதற்கான பணத்தை முன்னாலேயே போட வேண்டும். பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, பணம் வருவதற்குள் கடையையே இழந்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. பணம் வர ஆகும் நாட்களைத்தான் எண்ணாமல் விட்டுவிட்டார்கள்.

எவ்வளவு மெல்லிய நூலில் இது தொங்குகிறது என்பதற்கு ஓர் அளவு: ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வு நிறுவனம் 2016இல் சுமார் 6 லட்சம் சிறு வணிகக் கணக்குகளைப் பார்த்தது. வரவு அடியோடு நின்றுபோனால் நடுத்தரமான ஒரு கடை கையிருப்பை வைத்து 27 நாள்தான் தாங்கும் என்று கண்டது. 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது ஏன் அத்தனை கடைகள் சில வாரங்களிலேயே தடுமாறின என்பது இதிலிருந்தே புரியும்.

சரி, என்ன செய்வது? மூன்று தேதிகளைத் தனியாக எழுதுங்கள்: சரக்குக்குப் பணம் கொடுத்த நாள், சரக்கு விற்ற நாள், பணம் கைக்கு வந்த நாள். மூன்று மாதம் எழுதினால் எந்தப் பொருள், எந்த வாடிக்கையாளர் உங்கள் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். அதிக லாபம் தரும் பொருள் என்று நீங்கள் நினைத்திருந்தது அலமாரியில் பல மாதம் தூங்கும் பொருளாக இருக்கலாம். அப்புறம், வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கைவிடும் பழக்கத்தை நிறுத்தி, உங்களுக்கென்று ஒரு சம்பளம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். செய்பவர்கள் குறைவு.

பெரிய நிறுவனங்கள் பில் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கின்றன. சட்டத்தில் இடமில்லையா?

இடம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஆணைப்படி நிறுவனங்களுக்கிடையே பொதுவாக 60 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் வட்டியோடு குறைந்தது 40 யூரோ இழப்பீடும் கேட்கலாம். இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்சவரம்பு 45 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.

ஆனால் வட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த ஆர்டர் வராது என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம். அதனால் சட்டம் பெரும்பாலும் புத்தகத்திலேயே தூங்குகிறது. உண்மையில் நடப்பது என்ன? உங்களைப் போலப் பத்து மடங்கு பெரிய நிறுவனத்துக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நடைமுறையில் உதவுவது சின்னச் சின்ன வேலைகள். பணம் தர வேண்டிய தேதியை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். பொருள் போன அன்றே பில்லும் போகட்டும். பாதி முன்பணம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒரே வாடிக்கையாளர் உங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் பிடித்திருந்தால், பேரத்தில் உங்களுக்கு வலிமை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை நம்புவதைவிட இரண்டாவது பெரிய வாடிக்கையாளரைத் தேடுவது வேகமாகப் பலன் தரும்.

வங்கி ஏன் சின்னக் கடைக்குக் கடன் தரத் தயங்குகிறது?

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கணக்குதான். பெரிய கடனைப் பரிசீலிக்கவும் சின்னக் கடனைப் பரிசீலிக்கவும் ஆகும் வேலை ஏறக்குறைய ஒன்றே. வட்டி வருமானம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். கூடவே, உங்கள் கடை நன்றாக ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், வங்கி அதிகாரிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது காகிதம் மட்டும். காகிதம் இல்லாவிட்டால் சொத்து அடமானம் கேட்பார். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் கணக்கிட்டபடி, வளரும் நாடுகளில் பதிவு பெற்ற குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் 40 சதவீதத்துக்கு, அதாவது சுமார் 6.5 கோடி நிறுவனங்களுக்கு, தேவையான நிதி கிடைப்பதில்லை.

அடமானம் இல்லாமல் சிறு குழுக்களுக்குக் கடன் கொடுக்கலாம் என்று காட்டியது வங்கதேசத்தின் கிராமீன் வங்கி. 1983இல் வங்கியாக உருவான அதற்கும் முகமது யூனுஸுக்கும் 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குறுங்கடனின் வட்டியும் வாராந்தரத் தவணையும் எல்லாத் தொழிலுக்கும் ஒத்துவராது. வருடத்தில் இரண்டு சீசன் மட்டும் விற்பனை உள்ளவர் வாரத் தவணைக்கு எங்கே போவார்?

தெரிந்தவர்களுக்குக் கடனில் கொடுக்கலாமா?

கடன் அன்பை முறிக்கும் என்று தெரியாமலா கேட்கிறீர்கள்? கொடுக்காமல் இருக்க முடியாது என்பதும் தெரியும். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு வைத்து, அது வராமலே போனாலும் கடை சாயாது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதாத கடனைக் கொடுக்கவே வேண்டாம்.

வாடகை ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்ய முடியும்?

இதில் ஒரு கசப்பு இருக்கிறது. நல்ல கடைகள் நான்கு சேர்ந்தால் தெருவுக்குக் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் இடத்தின் மதிப்பு ஏறும், மதிப்பு ஏறினால் அந்த நான்கு கடைகளுக்கே வாடகை கட்டாது. உழைத்தவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர். தனியாளாகச் செய்யக்கூடியது ஒன்றுதான்: கடை வைக்கும்போதே நீண்ட கால ஒப்பந்தம் போட்டு, வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்று அதிலேயே எழுதிக்கொள்வது. இரண்டு வருட ஒப்பந்தத்தை நம்பிப் பெரிய செலவில் உள்ளலங்காரம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.

பெரிய சங்கிலிக் கடை வந்தால் எல்லாம் முடிந்துவிடுமா?

எல்லாம் முடியாது, சில முடியும். வால்மார்ட் கடைகள் வந்த அமெரிக்க மாவட்டங்களை எமெக் பாஸ்கர் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார். கடை திறந்த ஆண்டில் சில்லறை வணிக வேலைகள் சுமார் 100 கூடின. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மற்றக் கடைகள் சுருங்கவும் மூடவும், அதில் பாதி கரைந்துபோனது. வாங்குபவர்களுக்கு விலை குறைந்ததும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

சட்டத்தால் தடுக்கப் பார்த்த நாடுகள் உண்டு. பிரான்சும் ஜப்பானும் 1973இல் பெரிய கடைகளுக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தன. ஜப்பான் தன் சட்டத்தை 2000இல் கைவிட்டது. அந்தப் பாதுகாப்பு சிறு கடைகளுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அவகாசத்தை என்ன செய்தோம் என்பது தனிக் கேள்வி.

விலையில் மோதினால் தோல்வி உறுதி. அவர்கள் விற்கும் விலைக்கு உங்களால் கொள்முதல்கூடச் செய்ய முடியாது. அவர்கள் செய்யாததில்தான் உங்களுக்கு இடம்: பழுது பார்ப்பது, அளவெடுத்துச் செய்வது, பெட்டியைப் பிரித்து ஒன்றே ஒன்றை மட்டும் விற்பது, வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுப்பது.

ஆன்லைன் தளத்தில் சேரலாமா?

சேரலாம், முழுக்கச் சாய வேண்டாம். கமிஷன், விளம்பரக் கட்டணம், திரும்பி வரும் பொருளின் செலவு மூன்றையும் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு மாதம் பாருங்கள். கமிஷனைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று: வாங்கியவர் யார் என்பது தளத்துக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அவர்கள் வரிசையை மாற்றினால் நீங்கள் கீழே போய்விடுவீர்கள், கேட்கவும் ஆள் இருக்காது. ஆன்லைனில் கிடைக்கும் புதிய வாடிக்கையாளரில் பத்தில் ஒருவரையாவது நேரடியாக உங்களிடம் வர வைத்தால் அந்தக் கமிஷன் வீண் இல்லை.

விதிமுறைகள் சிறு வணிகத்தை நசுக்குகின்றனவா?

விதி வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. தீப்பாதுகாப்பும் வேலையாளின் காப்பீடும் சின்னக் கடையிலும் வேண்டியதுதான். சிக்கல் எங்கே என்றால், ஒரு படிவத்தை நிரப்ப ஆகும் நேரம் 5 பேர் கடைக்கும் 5,000 பேர் நிறுவனத்துக்கும் ஒன்றே. அங்கே அதற்கென ஒரு துறை, இங்கே கடை மூடிய பின் முதலாளியின் தூக்கம்.

சின்னவர்களுக்கு விலக்கு கொடுத்தால் இன்னொரு வினோதம் நடக்கிறது. பிரான்சில் 50 பேரை எட்டியதும் பல கூடுதல் கடமைகள் வந்து சேரும் என்பதால், 49 பேரோடு நின்றுவிடும் நிறுவனங்கள் அசாதாரணமாகக் குவிந்திருப்பதைப் பொருளியலாளர்கள் கண்டார்கள். வளரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வளர்ந்தால் வலிக்கும் என்று வேலி போட்டுவிட்டார்கள்.

முதலாளிக்கு வயதாகிறது, பிள்ளைகள் வரவில்லை. கடை என்ன ஆகும்?

ஜப்பான் அரசு இதற்குக் கணக்கே போட்டது: 2025க்குள் சிறு, நடுத்தர நிறுவன முதலாளிகளில் சுமார் 24.5 லட்சம் பேர் 70 வயதைத் தாண்டுவார்கள், அதில் பாதிப் பேருக்கு வாரிசு முடிவாகவில்லை என்று. நஷ்டமில்லாமல் ஓடும் கடைகள்கூட ஆள் இல்லாமல் மூட வேண்டிய நிலை.

பத்து வருடமாகக் கூடவே இருக்கும் வேலையாளிடம் கடையை விற்பது நல்ல வழி. அவரிடம் மொத்தமாகப் பணம் இருக்காது, வரும் லாபத்திலிருந்து தவணையாகத் தரட்டும். ஆனால் அதற்குக் கொள்முதல் எங்கே, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த இயந்திரம் எப்போது மக்கர் செய்யும் என்பதெல்லாம் முதலாளி தலைக்குள்ளேயே இருக்கக் கூடாது. இது வயதானவர்களுக்கு மட்டுமான பேச்சும் இல்லை. நாளைக்கே நீங்கள் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்தால் கடை திறக்குமா?

நான் வெறும் வாடிக்கையாளர். என்னால் என்ன ஆகும்?

உள்ளூர்க் கடைகளை ஆதரிப்போம் என்று பதிவு போடுவதைவிட, நேரத்துக்குப் பணம் கொடுப்பது பெரிய உதவி. அவசரமில்லாத வேலையைச் சீசன் இல்லாத நாளில் கொடுங்கள். கல்லா காலியாக இருக்கும் மாதங்கள் அவை. பொருளில் குறை இருந்தால் ஆன்லைனில் ஒற்றை நட்சத்திரம் போடுவதற்கு முன் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தெரிந்தவர் என்று தள்ளுபடி கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்தவர்கள்தான் வாடிக்கையாளர்களே.

தைக்கவோ பழுது பார்க்கவோ கொடுத்த பொருள் தயார் என்று தகவல் வந்தால் அன்றைக்கோ மறுநாளோ போய் எடுத்துவிடுங்கள். உழைப்பும் உதிரிபாகமும் போட்டு முடித்து, கூலி வராமல் அலமாரியில் கிடக்கும் பொருள்கள் எத்தனை என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.